வீடிழந்த முன்னாள் படைவீராங்கனை முதலில் எதைக் கேட்க வேண்டும்: இடைக்கால இல்லமா, வாடகை வவுச்சரா?

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி வெளியேறிய பெண்கள் இன்று ஏறத்தாழ இருபது லட்சம் பேர் இருக்கிறார்கள். அந்நாட்டின் முன்னாள் படைவீரர்களில் அவர்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2024 ஜனவரியில் நாடு முழுவதும் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, 32,882 முன்னாள் படைவீரர்கள் தெருவிலோ ஷெல்டரிலோ இடைக்கால இல்லத்திலோ இரவைக் கழித்தார்கள். 2010இல் இந்த எண்ணிக்கை 74,000ஐத் தாண்டியிருந்தது. பாதிக்கும் மேல் குறைந்திருப்பது பெரிய சாதனைதான். முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ.வும், வீட்டுவசதித் துறையான ஹட்டும் சேர்ந்து பணத்தையும் ஆட்களையும் இறக்கி வேலை செய்ததன் பலன் அது. ஆனால் அந்தத் திட்டங்களில் பல, தனியாக வாழும் நடுத்தர வயது ஆணை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. கையில் குழந்தையோடு வரும் ஒரு பெண்ணுக்கு அதே திட்டங்களில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை யாராவது உட்கார்ந்து பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் வி.ஏ. மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் இருக்கக்கூடும். வார இறுதியில் ஷெல்டர்களில் உணவு பரிமாறப் போகும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கக்கூடும். அப்படி ஒருவரிடம் ஒரு பெண் வந்து, தான் இராணுவத்தில் இருந்ததாகவும் இப்போது தங்க இடமில்லை என்றும் சொன்னால், எந்தக் கதவை முதலில் தட்டச் சொல்வது என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெண்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு, நிரந்தர வீட்டுக்கான வவுச்சரைத்தான், அதாவது வாடகையின் ஒரு பகுதியை அரசே கட்டும் உதவிச் சீட்டைத்தான், முதலில் கேட்க வேண்டும். இடைக்கால இல்லத்தில் சேருவதற்குத் தெளிவான காரணம் ஒன்று வேண்டும். வெளியேறும் வழியும் சேரும் நாளிலேயே பேசி வைக்கப்பட வேண்டும். இதற்கு விலக்கான நிலைமைகளும் உண்டு. அவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது என்பதால் அவற்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கில் வராத பெண்கள்

திட்டங்களை ஒப்பிடுவதற்கு முன், இந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பலர் தெருவில் இல்லை. தோழி வீட்டு சோபாவிலோ, அக்கா வீட்டின் கீழ்த்தளத்திலோ, விட்டு விலக வேண்டிய ஆணின் வீட்டிலேயே வேறு வழியின்றியோ இருக்கிறார்கள். ஷெல்டருக்குப் போனால் பிள்ளைகளைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற அச்சத்தில் காரிலேயே இரவைக் கழிக்கும் தாய்மார்களும் உண்டு. இப்படி ஒண்டிக்கொண்டிருப்பவர்கள் ஓரிரவுக் கணக்கெடுப்பில் அகப்படுவதில்லை. ஹட் துறையின் வரையறைப்படி, அடுத்த பதினான்கு நாட்களுக்குள் அந்த இடத்தையும் விட்டு வெளியேற வேண்டியிருந்து, போக வேறு இடமும் இல்லாதபோதுதான் அவர்கள் வீடற்றவர்களாகக் கருதப்படுகிறார்கள். ஆகவே நிலைமை உண்மையிலேயே அப்படி இருக்குமானால், எந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்று இடம் கொடுத்தவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம், வேறு எந்தச் சான்றிதழையும்விட அதிகமாக உதவும். வீட்டு வன்முறைக்குத் தப்பி வெளியேறுபவர்களையும் வீடற்றவர்களாகவே கருத வேண்டும் என்று வி.ஏ.வுக்கான சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. கணவனின் வீட்டுச் சாவி இன்னும் கைப்பையில் இருக்கிறது என்பதற்காக எந்தப் பெண்ணும் தனக்குத் தகுதியில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது விஷயம் இதைவிடக் கனமானது. வி.ஏ. மருத்துவமனைகளில் விசாரிக்கப்படும் பெண்களில் மூன்றில் ஒருவர், பணிக்காலத்தில் பாலியல் வன்முறைக்கோ அச்சுறுத்தும் பாலியல் தொல்லைக்கோ ஆளானதாகச் சொல்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் வீடிழந்த முன்னாள் படைவீராங்கனைகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில் அந்த விகிதம் பாதியைத் தாண்டியது. சக வீரனாலோ மேலதிகாரியாலோ தாக்கப்பட்ட ஒரு பெண்ணை, பெரும்பாலும் ஆண்களே தங்கியிருக்கும் கட்டடத்தில், தாழ்ப்பாள் சரியில்லாத அறைக்கு அனுப்புவதை உதவி என்று சொல்ல முடியாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கீழே வரும் ஒவ்வொரு வாய்ப்பையும் எடை போட வேண்டும்.

இடைக்கால இல்லம்

வி.ஏ. நிதி கொடுக்க, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இடைக்கால இல்லங்கள் ஜி.பி.டி. என்ற திட்டத்தின் கீழ் வருகின்றன. 1992இல் இயற்றப்பட்ட சட்டத்தில் வேர் கொண்ட இத்திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் இருபத்துநான்கு மாதங்கள் வரை தங்கலாம். தங்குபவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வி.ஏ. நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. தங்குபவருக்கு வருமானம் இருந்தால், அதில் முப்பது சதவீதத்துக்கு மேற்படாமல் நிறுவனம் வாடகை வாங்கிக்கொள்ளலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை, வேலை தேட உதவி, ஊனத்துக்கான ஓய்வூதிய விண்ணப்பம், கடன் சிக்கலைத் தீர்ப்பது என்று பலவும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது இதன் பெரிய பலம். தனியாக ஓர் அப்பார்ட்மென்டில் அடைந்துகிடந்து, யாரோடும் பேசாமல் நாட்களைக் கடத்தும் நிலையில் உள்ள பெண்ணுக்கு, அதே அனுபவம் உள்ள இன்னும் சில பெண்கள் அடுத்த அறையில் இருப்பதும் மருந்தாகலாம்.

பென்சில்வேனியாவின் கோட்ஸ்வில்லில், வி.ஏ. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இயங்கும் மேரி வாக்கர் இல்லம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெண்களுக்கு மட்டுமேயான, முப்பது படுக்கைகள் கொண்ட இல்லம் அது. உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி, அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கத்தைப் பெற்ற ஒரே பெண்ணான மேரி எட்வர்ட்ஸ் வாக்கரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. வர்ஜீனியாவில் ஜாஸ் பூத் 2010இல் தொடங்கிய ஃபைனல் சல்யூட் வேறு வகையானது. இராணுவ அதிகாரியாகவும் தனித்து மகனை வளர்க்கும் தாயாகவும் இருந்த பூத், 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸில் இருந்த வீட்டை இழந்தார். அதே ஆண்டில் அவருக்குப் புற்றுநோயும் கண்டறியப்பட்டது. பிள்ளைகளோடு வரும் பெண் வீரர்களுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் இல்லை என்பதைத் தன் வாழ்க்கையில் நேரடியாக அறிந்தவர் அவர். ஆகவே அவர் அமைத்த இடைக்கால வீடுகள் தாயையும் பிள்ளைகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கின்றன.

ஆனால் இத்தகைய இடங்கள் நாட்டின் பரப்பளவுக்கு முன் மிகச் சில. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2011 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைப் பட்டவர்த்தனமாக எடுத்துக்காட்டியது. வீடிழந்த பெண் வீரர்களாக வி.ஏ. அடையாளம் கண்டவர்களின் எண்ணிக்கை 2006 நிதியாண்டில் 1,380ஆக இருந்து 2010இல் 3,328ஆக உயர்ந்திருந்தது. பெண்களை ஏற்கும் ஜி.பி.டி. இல்லங்களில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டவை பிள்ளைகளை ஏற்கவில்லை. ஏற்றவற்றிலும் பல, பிள்ளைகளின் வயதுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருந்தன. பெண்களின் பாதுகாப்புக்கும் தனிமைக்கும் குறைந்தபட்சத் தரம் என்று எதுவும் அப்போது வகுக்கப்படவில்லை என்பதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. நீண்ட காலத்துக்கு, தாய்க்கு மட்டும்தான் வி.ஏ. நாள்படி கொடுத்தது, பிள்ளைகளின் செலவை நிறுவனமே எங்கிருந்தாவது திரட்ட வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் கையெழுத்தான சட்டம்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி நாள்படி கொடுக்க வழி செய்தது. 2025 ஜனவரியில் கையெழுத்தான எலிசபெத் டோல் சட்டம் நாள்படியின் உச்சவரம்பை மேலும் உயர்த்தியது. இவை நல்ல மாற்றங்கள். எனினும் பணம் வந்துவிட்டதால் மட்டும் ஒரு பழைய கட்டடத்தில் குடும்ப அறைகள் தாமாக முளைத்துவிடுவதில்லை.

அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பொதுவாக ஓர் அறையில் இருவர். குளிர்சாதனப் பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய ஒரு தட்டு. இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். வெளியே தங்குவதற்கு முன் அனுமதி. பல இடங்களில் எப்போது வேண்டுமானாலும் சிறுநீர்ப் பரிசோதனை. தங்குபவர் இருக்கிறாரா என்று பார்க்க இரவில் அறைக்கதவைத் தட்டும் பணியாளர். படைமுகாமில் பழகியவருக்கு இது புதிதில்லையே என்று எண்ணத் தோன்றும். ஆனால் தாக்குதல் நடந்த இடமே ஒரு படைமுகாம் என்றால், நள்ளிரவில் கதவைத் தட்டும் ஆண் குரல் அந்தப் பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். இரவுப்பணியில் பெண் ஊழியர் இருக்கிறாரா என்பது இந்த இல்லங்களைத் தேர்ந்தெடுக்கும்போது சின்ன விஷயமாகாது.

ஜி.பி.டி. என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட மாதிரிகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. நிரந்தர வீடு உறுதியாகிவிட்டவர் அது கைக்கு வரும்வரை அதிகபட்சம் தொண்ணூறு நாட்கள் தங்கும் 'பாலம்' வகை ஒன்று. போதையை முற்றாக விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத வகை ஒன்று. மருத்துவமனையிலிருந்து வெளிவருபவர்களுக்கான வகை ஒன்று. இவற்றுள் நான் மிகவும் உயர்வாகக் கருதுவது, அதே வீட்டிலேயே தொடரும் வகை. இதில் பெண்ணுக்குப் பொதுக் கட்டடத்தில் படுக்கை தருவதில்லை. நிறுவனம் ஒரு சாதாரண அப்பார்ட்மென்டை வாடகைக்கு எடுத்து அவரைக் குடியமர்த்துகிறது. உதவிகள் அங்கேயே தேடி வருகின்றன. திட்டக்காலம் முடியும்போது வாடகை ஒப்பந்தம் அவர் பெயருக்கு மாறுகிறது, அவர் இடம் பெயர வேண்டியதில்லை. பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியதுமில்லை. ஊரில் இந்த வகை இருக்கிறதா என்று கேட்காமல் பொது இல்லத்துக்குச் சம்மதம் சொல்லக் கூடாது.

வாடகை வவுச்சர்

ஹட்டும் வி.ஏ.வும் சேர்ந்து நடத்தும், ஹட்-வாஷ் என்று அழைக்கப்படும் வவுச்சர் திட்டம் 1992இல் சிறிய அளவில் தொடங்கி, 2008இலிருந்து ஆண்டுதோறும் புதிய வவுச்சர்களோடு வளர்ந்தது. இப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வவுச்சர்கள் வழங்கப்பட்டுள்ளன. வருமானத்தில் சுமார் முப்பது சதவீதத்தை வாடகையாக அந்தப் பெண் கொடுக்கிறார், மிச்சத்தை உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் வீட்டு உரிமையாளருக்கு நேரடியாகச் செலுத்துகிறது. வருமானமே இல்லாதவருக்கு அவர் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்கும் இறங்கலாம். தேவையான உதவிகளை ஒருங்கிணைக்கும் வி.ஏ.வின் கேஸ் மேனேஜர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். காலக்கெடு கிடையாது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப வீட்டின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. கதவு அவருடையது, சாவி அவருடையது, யார் உள்ளே வரலாம் என்பதும் அவர் முடிவு.

தகுதி பற்றிப் பழைய செய்திகள் இன்னும் உலவுவதால் சிலவற்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கௌரவமான பணி விடுவிப்பு இல்லாதவருக்கு எதுவும் கிடையாது என்ற நம்பிக்கை தவறு. இராணுவ நீதிமன்றத் தண்டனையால் அவமதிப்போடு நீக்கப்பட்டவர்களை விடுத்து, அந்த அளவுக்குப் போகாத குறைபாடுள்ள விடுவிப்புச் சான்று பெற்றவர்களுக்கும் ஜி.பி.டி.யும், விரைந்து வீடு எடுக்கப் பண உதவி தரும் எஸ்.எஸ்.வி.எஃப். திட்டமும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் திறக்கப்பட்டன. 2021இல் கையெழுத்தான சட்டம் ஹட்-வாஷையும் அவர்களுக்குத் திறந்தது. தாக்குதலைப் புகார் செய்த பிறகு ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகி வெளியேற்றப்பட்ட பெண்களுக்கு இது எத்தனை முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. வருமான வரம்பும் தளர்ந்திருக்கிறது: 2024 ஆகஸ்டில் ஹட் வெளியிட்ட விதிகளின்படி, பணியால் ஏற்பட்ட ஊனத்துக்காக வரும் உதவித்தொகையைத் தகுதி பார்க்கும்போது வருமானமாகக் கணக்கிடக் கூடாது; அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் எண்பது சதவீதம் வரை உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். பழைய குற்றப் பதிவுகளைக் காட்டியும் மறுக்க முடியாது. வாழ்நாள் முழுவதுக்குமான பாலியல் குற்றப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும்தான் விலக்கு.

இதன் குறை, வவுச்சர் கைக்கு வந்த மறுநாள்தான் தெரியவரும். வவுச்சர் என்பது வீடு ஆகாது, வீட்டைத் தேடுவதற்கான அனுமதி மட்டுமே. குறைந்தது நூற்றிருபது நாட்கள் தேட அவகாசம் உண்டு. அந்த நாட்களில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். விளம்பரத்தைப் பார்த்து அழைக்கிறார். வவுச்சர் என்றதும், வீடு நேற்றே போய்விட்டது என்கிறார்கள். இன்னொருவர், மாத வருமானம் வாடகையின் மூன்று மடங்கு வேண்டும் என்கிறார். மூன்றாமவர் சம்மதிக்கிறார், ஆனால் வீட்டுவசதி ஆணையத்தின் ஆய்வாளர் வந்து புகை எச்சரிப்பான், சுடுநீர், சன்னல் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடியேறுவதானால், உரிந்து நிற்கும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதைச் சரிசெய்யாமல் அனுமதி கிடைக்காது. அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் உரிமையாளர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், வவுச்சர் வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் மறுப்பது 2020 ஜனவரியிலிருந்து சட்டவிரோதம்; இத்தகைய சட்டம் இல்லாத மாநிலங்களும் நிறைய. தவிர, முன்பணத்தையும் சாமான் ஏற்றும் செலவையும் வவுச்சர் தராது.

அந்த இடைவெளியை நிரப்புவது

எஸ்.எஸ்.வி.எஃப். என்ற திட்டம் இங்கேதான் உள்ளே வருகிறது. 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இது, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் வழியாக விரைந்து வீடு எடுத்துக் கொடுப்பதையும், வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களை அங்கேயே தக்கவைப்பதையும் நோக்கமாகக் கொண்டது. முன்பணம், பாக்கி வாடகை, மின்கட்டணம், சாமான் ஏற்றும் வண்டி, வேலைக்குப் போய்வரும் செலவு, குழந்தைக் காப்பகக் கட்டணம் ஆகியவற்றுக்கு இதில் பணம் உண்டு. ஷெல்டரில் இடமே இல்லாதபோது, குடும்பத்தோடு தங்கச் சில காலம் ஹோட்டல் அறைக்கும் கொடுப்பார்கள். கடைசியாகச் சொன்ன இரண்டும் தாய்மார்களுக்கு வேறு எங்கும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நேர்முகத் தேர்வைத் தவறவிட்டவர்கள் இந்தப் பெண்களில் ஏராளம்.

இதன் பலவீனம் அதன் குறுகிய காலம். சில மாதங்களுக்கு வாடகை கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும்போது, ஊதியம் வாடகையை எட்டாவிட்டால் குடும்பம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தும் வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்கு, இரண்டு ஆண்டுகள் வரை வாடகையில் ஒரு பகுதியைத் தரும் பிரிவு ஒன்று 2021இலிருந்து நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. ஊதியம் உயர்ந்தாலும் அந்தக் காலத்தில் அத்தொகை குறைக்கப்படுவதில்லை என்பது அதன் சிறப்பு. கேஸ் மேனேஜரின் தொடர்ந்த துணை தேவைப்படாத, நிலையான வேலையுள்ள பெண்ணுக்கு நான் ஹட்-வாஷுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு, வவுச்சரும் எஸ்.எஸ்.வி.எஃப். பணமும் சேர்ந்துதான் ஒரு முழுமையான வழி. முன்னது மாதாமாதம் வாடகையைத் தாங்கும்; பின்னது வீட்டுக்குள் நுழையும் நாளின் செலவைத் தாங்கும். இரண்டுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பதில் தடை எதுவுமில்லை.

ஆய்வு சொல்வது

வவுச்சரை முதலில் வைக்க வேண்டும் என்ற என் கருத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஹட் துறை 2010 செப்டம்பரிலிருந்து பன்னிரண்டு ஊர்களில், ஷெல்டர்களில் இருந்த 2,282 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. சிலருக்கு நீண்டகால வாடகை உதவி, சிலருக்குக் குறுகியகால வாடகை உதவி, சிலருக்கு இடைக்கால இல்லம் என்று முன்னுரிமை கொடுத்து, எஞ்சியோரை வழக்கமான வழியில் விட்டு, மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நீண்டகால வாடகை உதவி பெற்றவர்களிடையே மீண்டும் வீடிழப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; துணைவரின் வன்முறையும் பிள்ளைகள் பள்ளி மாறுவதும்கூடக் குறைந்தன. இடைக்கால இல்லங்கள் வழக்கமான வழியைவிடச் சிறிதளவே மேம்பட்ட பலன் தந்தன. செலவோ, நீண்டகால வாடகை உதவிக்கு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்குச் சுமார் 1,160 டாலர், இடைக்கால இல்லத்துக்குச் சுமார் 2,700 டாலர். இடைக்கால இல்லத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் கணிசமானவை, அந்த இல்லங்களின் நுழைவு நிபந்தனைகளாலேயே திருப்பி அனுப்பப்பட்டன என்பது எனக்கு மிகவும் வேதனை தந்த செய்தி. பெரும்பாலும் தாய்மார்களே தலைமை தாங்கிய குடும்பங்கள் அவை. படைவீரர்களுக்கென்றே நடத்தப்பட்ட ஆய்வாக இது இல்லாவிட்டாலும், வீடிழந்த தாய்மார்களைப் பற்றி இதைவிட உறுதியான சான்று நமக்கு இல்லை. 1990களில் ஹட்-வாஷ் குறித்து நான்கு நகரங்களில் நடந்த சோதனையும் வவுச்சரின் பக்கமே சாய்ந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால் அதை இங்கே நான் பெரிதாக முன்வைக்கவில்லை.

வீட்டுக்குத் 'தயாராக' வேண்டும், முதலில் ஒழுங்கும் நிதானமும் பழகிய பிறகுதான் சாவி கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. 2025 ஜூலையில் வந்த அதிபரின் ஆணை, நிபந்தனையின்றி முதலில் வீடு என்ற கொள்கைக்கான ஆதரவை விலக்கிக்கொள்ள ஹட் துறையைப் பணித்திருப்பதால், இந்த எண்ணம் இனி விதிகளிலும் இடம்பெறக்கூடும். போர்க்களத்தில் வண்டி ஓட்டியவரை, காயம்பட்டவருக்குக் கட்டுப் போட்டவரை, நாலு சுவருக்குள் பொறுப்பாக இருப்பாரா என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தூங்க இடம் கிடைத்த பிறகே மனிதர் மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறார். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.

வரிசை மாறும் நிலைமைகள்

இனி விலக்குகள். துரத்திவரும் ஆணிடமிருந்து தப்பி வரும் பெண்ணுக்கு முதல் இரவு வீட்டு வன்முறைக்கான ஷெல்டர்தான் சரி. முகவரியை இரகசியமாக வைத்திருக்க அவர்களைப் போலப் பழகியவர்கள் வேறு யாரும் இல்லை. ஆனால் இந்த ஷெல்டர்கள் தங்களிடம் இருப்பவர்களின் பெயர்களை வீடற்றோருக்கான பொதுத் தரவுத்தொகுப்பில் பதியக் கூடாது என்பது சட்டம். அது அவரைக் காக்கிறது. கூடவே, அவர் ஒரு முன்னாள் படைவீரர் என்பது வி.ஏ.வுக்குத் தெரியாமலும் போய்விடுகிறது. ஆகவே ஷெல்டரில் இருந்தபடியே, அவரே அல்லது அவர் சம்மதத்தோடு ஆலோசகர், வி.ஏ.வை அழைத்துச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் முப்பது நாட்கள் கழிந்து, தங்கும் காலம் முடிந்த பிறகு அடுத்து எங்கே என்று திகைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

மது அல்லது போதையிலிருந்து மீளும் முதல் மாதங்களில், தனி வீடு தனக்கே ஆபத்து என்று அந்தப் பெண்ணே சொன்னால், அவர் சொல்லை ஏற்று இடைக்கால இல்லத்தையோ வி.ஏ.வின் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவையோ முதலில் வைக்கலாம். பாலியல் வன்முறையின் பாதிப்புக்குத் தங்கிச் சிகிச்சை வேண்டுமானால், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 1992இலிருந்து பெண்களுக்கென்றே நடக்கும் பிரிவு போன்றவை உள்ளன. இந்தப் பாதிப்புக்கான சிகிச்சை வி.ஏ.வில் இலவசம், புகார் செய்ததற்கான ஆவணமோ ஊனச் சான்றோ கேட்கப்படுவதில்லை. பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முடிவான பிறகே தேதி குறிக்க வேண்டும்.

மூன்றாவது, வவுச்சர் இருந்தும் வீடு கிடைக்காத நகரம். வாடகை உச்சத்தில் இருக்கும் ஊர்களில் ஆறு மாதம் தேடியும் கிடைக்காமல் போகலாம். அப்போது 'பாலம்' வகை இடைக்கால இல்லம் பொருத்தமானது. வவுச்சர் தேடல் அங்கிருந்தே நிற்காமல் தொடர வேண்டும். 'இங்கே சேர்ந்துவிட்டீர்கள், இனி அவசரமில்லை' என்று சொல்லி ஒருவர் விண்ணப்பத்தை ஓரங்கட்டினால், அவருக்கு மேலுள்ளவரிடம் பேச வேண்டும்.

கையெழுத்திடும் முன்

இடைக்கால இல்லத்தை ஏற்பதென்று முடிவானால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அறைக் கதவு உள்ளிருந்து பூட்டுமா, குளியலறைக்குப் போகும் வழி ஆண்கள் இருக்கும் பகுதியைக் கடக்கிறதா, கட்டடத்தின் பின்புறம் வெளிச்சம் இருக்கிறதா என்பவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பதின்வயது மகனை ஏற்பார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். சிறு குழந்தைகளை ஏற்கும் சில இல்லங்கள் வளர்ந்த பையன்களை ஏற்பதில்லை. எந்தத் தவறுக்காக வெளியேற்றுவார்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வெளியேறும்போது எந்த வீட்டுக்கு, எந்தத் திட்டத்தின் கீழ் என்பதைச் சேர்ந்த முதல் மாதத்துக்குள் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எங்கே தங்கினாலும், பிள்ளைகள் ஏற்கெனவே படித்த பள்ளியிலேயே தொடரவும், அதற்கான போக்குவரத்தைப் பள்ளி மாவட்டமே ஏற்பாடு செய்யவும் மெக்கின்னி-வென்டோ சட்டத்தின் கீழ் உரிமை உண்டு. ஒண்டியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

ஆவணங்களில் முதலாவது டி.டி.-214 என்னும் பணி விடுவிப்புச் சான்று. அது தொலைந்துவிட்டது என்பதற்காக யாரும் காத்திருக்கத் தேவையில்லை, வி.ஏ. பணியாளர்களும் எஸ்.எஸ்.வி.எஃப். நிறுவனங்களும் பணி விவரத்தை இணையவழியிலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும். அழைக்க வேண்டிய எண், வீடிழந்த முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. உதவி மையத்தின் 1-877-424-3838. இரவும் பகலும் எடுப்பார்கள். பெண் வீரர்களுக்கென்றே உள்ள மையத்தின் எண் 1-855-829-6636. பேசும்போது, தங்க இடம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டால், அன்று எந்த இல்லத்தில் படுக்கை காலியோ அங்கேதான் அனுப்பப்படுவார். ஹட்-வாஷ் மதிப்பீடு வேண்டும், எஸ்.எஸ்.வி.எஃப். பரிந்துரை வேண்டும், பெண்களுக்கான தனி இடமோ அதே வீட்டில் தொடரும் வகையோ இருந்தால் அதுவும் வேண்டும் என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலளித்தவரின் பெயரையும் தேதியையும் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் மறு அழைப்பு வராவிட்டால் மீண்டும் அழைக்க வேண்டும்.